கொடி வாங்கித் திரும்பியவர்

விளையாட்டரங்கத்தை விட்டு வெளியே வந்து நாங்கள் இருவரும் நடந்துகொண்டிருந்தோம். தமிழ்நாட்டு அணியின் பேருந்து எங்களைத் தாண்டிப் போய்ச் சற்றுத் தூரத்தில் நின்று ஹாரன் அடித்தது. மச்சான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன், பேருந்து போய்விட்டது. அது ஒரு வடநாட்டு நகரம், மாசி மாதம். வெயில் இருந்தது, ஆனால் எங்கள் ஊர் வெயில் மாதிரி உடம்புக்குள் இறங்காமல் மேலோடு போகிற வெயில். அவர் சாலையின் ஓரத்தில், வலது கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி வைத்துக்கொண்டு நடந்தார். மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் ஓடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் நடப்பார்கள். சக்கரம் உரசிவிடக் கூடாது என்று வருடக்கணக்கில் விலக்கி விலக்கி, கை அங்கேயே நின்றுவிடும். பக்கத்தில் சக்கரம் எதுவும் இல்லாதபோதும் கை இறங்காது.

தேசியத் தடகளப் போட்டியின் அரை மாரத்தானில் அன்று காலை அவர் மூன்றாவதாக வந்திருந்தார். மதியத்துக்குள் அது இல்லை என்று ஆகிவிட்டது. நாங்கள் நடந்தது அதற்கு அப்புறம்.

மச்சான் என்று நான் சொல்வது என் அக்காவின் கணவரை. அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கி, கண்மாய்க்கரையோடு உள்ளே நடந்தால் அவர் ஊர் வரும். மழை பெய்தால் மிளகாய், பருத்தி, குதிரைவாலி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம். நிலம் இருக்கிறது என்று பெயர், அந்த நிலம் சோறு போட்ட வருடங்கள் குறைவு. நான் அந்த ஊரில் தங்கினவன் இல்லை. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். விட்டேன் என்பதைவிட, ஒரு நாள் லாரியில் ஏறிப் போனவன் அப்படியே போய்விட்டேன் என்பது சரியாக இருக்கும். போர்வெல் வண்டி, வெங்காய லோடு, பந்தல் வேலை, உப்பு மூட்டை என்று எது கிடைத்ததோ அது. படுக்க இடம் கிடைத்த ஊரில் வேலை இருக்காது, வேலை கிடைத்த ஊரில் படுக்க இடம் இருக்காது. அப்படித் திரிந்ததில் இந்தி வந்தது. அந்த இந்திக்காகத்தான் மச்சான் அந்தப் பயணத்துக்கு என்னைக் கூட்டிப் போனார்.

அவருடைய ஓட்டம் பள்ளிக்கூடத்தில் வந்தது அல்ல. காரியாபட்டியில் இரும்புக்கடை வைத்திருந்த முதலாளி ஒருவர் பந்தய மாடுகள் வளர்த்தார். அந்த மாடுகளுக்கு மச்சான் துணைச்சாரதி. மாட்டுவண்டிப் பந்தயம் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: வண்டியில் ஒருவர் உட்கார்ந்து ஓட்டுவார், அவர் சாரதி. இன்னொருவர் வண்டியை ஒட்டி ஓடிவருவார், மாட்டைச் சத்தம் போட்டு விரட்டுவார், மூச்சு முட்டினால் தாவி ஏறுவார், வண்டி கனக்கிறது என்றால் மறுபடி குதித்து ஓடுவார். அவர் துணைச்சாரதி. பந்தயம் தார்ச்சாலையில் நடக்கும். ஓர் ஊரிலிருந்து கிளம்பி இன்னோர் ஊர் எல்லை வரை போய், அங்கே திரும்பி, கிளம்பிய இடத்துக்கே வர வேண்டும்.

அந்தத் திரும்புகிற இடத்தில்தான் கொடி. எங்கள் பக்கத்துப் பந்தயங்களில் கமிட்டி ஆள் வண்டிக்கு ஒன்றாகக் கையில் கொடிகளோடு அங்கே நிற்பார். வண்டி வளைந்து திரும்பும்போது துணைச்சாரதி முன்னால் ஓடி, அவர் கையிலிருந்து ஒரு கொடியைப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டும். இத்தனை தூரம் நாங்கள் உண்மையாகவே போனோம் என்பதற்கு அதுதான் சாட்சி. கொடியை முதலில் பறிக்கிற வண்டிக்குத் தனிப் பரிசு உண்டு. ஆனால் பரிசுக்காக மட்டும் யாரும் அதைப் பறிப்பதில்லை. கொடி இல்லாமல் முதலாவதாக வந்து நின்றாலும் அந்த வண்டி வந்த வண்டி ஆகாது.

ஒரு வருடம் பாளையம்பட்டிப் பக்கம் ஒரு பந்தயத்தில், புழுதி மறைப்பில் ஒரு வண்டி எல்லைக்கு முன்பாகவே திரும்பிவிட்டது. கேட்டதற்கு அந்தத் துணைச்சாரதி, வாங்கினேன், கைதவறி விழுந்துவிட்டது என்றான். அன்றிலிருந்து அவன் பெயர் கைதவறி. டீக்கடையில் அவன் உட்கார்ந்தால், "கைதவறிக்கு ஒரு டீ போடப்பா, கிளாஸ நல்லாப் புடிக்கச் சொல்லு" என்பார்கள். அவன் பெண்டாட்டி தண்ணீர் எடுக்கப் போனால், "குடம் பத்திரம்த்தா, உங்க வீட்டுல கைதவறும்" என்பார்கள். நான் கடைசியாக அந்தப் பக்கம் போனபோது அவன் மகன் பைக்கில் போய்க்கொண்டிருந்தான். "ஏலே, கைதவறி மகனே, ஹேண்டிலப் புடிச்சு ஓட்டுலே" என்று ஒருவர் கத்தினார். அந்தப் பையன் பந்தயம் நடந்தபோது பிறந்திருக்கக்கூட மாட்டான்.

மச்சானை ஓட்டக்காரர் என்று முதலில் கண்டுகொண்டது ஒரு பி.டி. வாத்தியார். ஒரு பந்தயத்தில் முதலாளியின் மாடு ஒன்று கால் பிசகி நின்றுவிட்டது. வண்டி ஓரங்கட்டியது. மச்சான் மட்டும் நிற்காமல் ஓடினார். மாடில்லாமல், வண்டியில்லாமல், எல்லை வரை ஓடி, கொடியை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடிவந்தார். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு, "எனக்கு எதுக்குய்யா ரெண்டு மாடு, இவனையே கட்டியிருக்கலாம்போல" என்றார். பி.டி. வாத்தியார் சிரிக்கவில்லை. மறுவாரம் வீட்டுக்கே வந்துவிட்டார்.

மாவட்டம், மாநிலம் என்று அவர் மச்சானைக் கூட்டிக்கொண்டு அலைந்தார். அக்காவுக்கு முதலில் இது பிடிபடவில்லை. "ஓடுனா அரசாங்கம் வேல குடுக்குமாம்லே தம்பி. நெசந்தானா? இத்தன வருசம் மாட்டுக்குப் பின்னால ஓடுனதுக்கு ஒரு வேட்டி குடுத்தாக, அதுவும் ஓரம் கிழிஞ்ச வேட்டி" என்று என்னிடம் கேட்டாள். நிசம்தான். தேசியப் போட்டியில் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு மனுப் போடலாம். மாதச் சம்பளம், ஆஸ்பத்திரி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். ஆனால் வயது வரம்பு ஒன்று இருந்தது. அந்த வருடம் விட்டால் மச்சானுக்கு மறு வருடம் கிடையாது. அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். அதற்கு அப்புறம் ஓட்டத்தைப் பற்றிக் கேலியாக ஒரு வார்த்தை அவள் பேசி நான் கேட்கவில்லை. விடிகாலையில் அவர் ஓடப் போகும்போது வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, அவர் கண்மாய்க்கரை ஏறும்வரை நின்று பார்ப்பாள்.

ரயிலில் அணி மேலாளர் எங்கள் பெட்டியில்தான் வந்தார். முடி நரைத்தவர், இந்தத் தேசியப் போட்டிக்கு வாலிபத்திலிருந்தே போய்வருகிறவர். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், ஆனால் கேட்கும்படி பேசுவார். அந்தக் காலத்தில் கரித்தூள் பரப்பிய தரையில்தான் ஓட்டம் என்றார். மழை பெய்தால் முழங்கால் வரை கறுப்பாகும், விழுந்தால் சதைக்குள் ஏறிய கரி போகவே போகாது என்று தன் முழங்கையைக் காட்டினார். பச்சை குத்தினது மாதிரி ஒரு கறை இருந்தது. ஓடுதளக் கோடுகளைச் சுண்ணாம்பில் போடுவார்களாம், காலையில் போட்ட கோடு மதியத்தில் அழிந்துபோகுமாம். முடிவுக் கோட்டில் படிக்கட்டு மாதிரி ஒரு மேடை வைத்து, அதில் ஒருவருக்கு மேல் ஒருவராக நடுவர்கள் உட்கார்ந்து, ஆளுக்கொரு ஓட்டக்காரரைக் கண்ணால் பிடித்து, கையில் கடிகாரத்தை அமுக்குவார்களாம். யார் நெஞ்சு முதலில் நூலைத் தொட்டது என்று நடுவர்களுக்குள்ளேயே சண்டை வரும் என்றார். பெண்களுக்கு நெடுந்தூர ஓட்டமே இல்லாத காலம் ஒன்று இருந்தது என்றும், அவர்களால் முடியாது என்று ஆண்கள் கூடிப் பேசி வைத்திருந்தார்கள் என்றும் சொன்னார்.

மச்சான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எங்க பந்தயத்துல இந்தச் சண்டையே வராது சார். கொடி பேசிரும்" என்றார். மேலாளர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

விளையாட்டரங்கத்தின் உள்வழியில் அந்தப் போட்டியின் வரலாற்றைப் படங்களாக மாட்டியிருந்தார்கள். வெறுங்காலோடு ஓடுகிறவர்கள், தொளதொளவென்ற டவுசர் போட்டவர்கள், மூங்கில் கழியை ஊன்றித் தாண்டுகிறவர், நூலை நெஞ்சில் வாங்கிக்கொண்டு வாயைப் பிளந்தவர்கள். மச்சான் ஒவ்வொரு படத்தின் முன்பும் நின்றார். கடைசிப் படம் வரை பார்த்து முடித்துவிட்டு, "மாப்ளே, கெளம்புறதையும் எடுத்துருக்காக, வந்து சேர்றதையும் எடுத்துருக்காக. திரும்புற எடத்த ஒருத்தரும் எடுக்கலியே?" என்று கேட்டார். வட்டத்தில் சுற்றுகிற ஓட்டத்தில் திரும்புகிற இடம் எங்கே இருக்கிறது என்று சொன்னேன். "ரோட்டுல ஓடுறதும் இருக்குல்ல" என்றார். அந்த வருடம் அரை மாரத்தானையும் சேர்த்திருந்தார்கள். சாலையில் நேராகப் போய் அதே சாலையில் திரும்பி வருகிற ஓட்டம். அவர் அதுவரை ஓடியதெல்லாம் வேறு மாதிரி: மாநிலத் தேர்வுகூட ஒரு கல்லூரி வளாகத்தைச் சுற்றிச் சுற்றித்தான் நடந்தது.

முந்தின நாள் சாயங்காலம் மேலாளர் எல்லோரையும் உட்கார வைத்து வழியை விளக்கினார். "திரும்புற எடத்துல ஒருத்தர் செவப்புக் கொடியோட நிப்பாரு. அங்கருந்து திரும்பணும், முன்னாடியே திரும்பிராதீங்க" என்றார். மச்சான் தலையை ஆட்டி, "அது எங்களுக்குத் தெரியாததா சார்" என்றார். எனக்கும் அதில் ஒன்றும் தோன்றவில்லை. கொடியோடு ஒருவர் நிற்பார், அங்கிருந்து திரும்ப வேண்டும். எங்கள் ஊர்க்காரர்கள் யார் கேட்டாலும் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

காலையில் நான் திரும்பும் இடத்துக்கே போய் நின்றேன். கடைகள் முடிந்து வயல் தொடங்குகிற இடம், அதற்கு அப்பால் ஒரு டயர்க்கடை மட்டும். சாலையின் நடுவில் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வைத்திருந்தார்கள். கொடியோடு நின்றவர் தடித்த மீசைக்காரர், குளிருக்குக் காதைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தார். பள்ளிக்கூட ஆசிரியராம். என்னிடம் பேச்சுக் கொடுத்து, பிளாஸ்கிலிருந்து எனக்கும் டீ ஊற்றினார்.

முதல் கூட்டம் தெரிந்தது. நான்கைந்து பேர். மச்சான் அதில் பின்னால் இருந்தார். அவர் கண் கொடியைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. ஒரே ஒரு கொடிதான் இருக்கிறது என்பதையும் அவர் அப்போதுதான் பார்த்திருக்க வேண்டும். அதற்கு மேல் அவரைப் பிடிக்க முடியவில்லை. பாதி தூரம் மீதி இருக்கிறது என்று தெரிந்த எவனும் அப்படி ஓடமாட்டான். மற்ற நால்வரையும் வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு, கையை நீட்டியபடி, வாயால் மாட்டுக்குப் போடுகிற சத்தத்தைப் போட்டுக்கொண்டு வந்தார். மீசைக்காரர் ஒதுங்கி வழிவிட்டார். மச்சான் வழியில் போகவில்லை. அவர் மேலேயே வந்து கொடிக்கம்பைப் பிடித்தார்.

"அரே! அரே!" என்று அவர் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"குடுங்கய்யா! பின்னால வாரான் பாருங்க, குடுங்கய்யா!"

ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஒரு கூம்பு உருண்டது. அப்புறம் கொடி மச்சானிடம் இருந்தது. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு வந்த வழியே அவர் ஓட, மீசைக்காரர் அவர் பின்னால் ஓட, துண்டு அவிழ்ந்து தெருவில் விழுந்தது. நான் சிரித்துவிட்டேன் என்பதை மறைக்கவில்லை. அடுத்த கணமே அது போய்விட்டது. பின்னால் வந்த கூட்டத்தில் மூன்று பேர், கொடியும் இல்லை, கொடிக்காரரும் இல்லை, கூம்பும் கிடந்த கிடையில் கிடக்கிறது என்று நேராக ஓடிப்போய்விட்டார்கள். அந்த டயர்க்கடை வரை போய், கடைக்காரர் கத்தி, அப்புறம்தான் திரும்பினார்கள்.

அந்த ஓட்டத்தில் மச்சான் கடைசிவரை கொடியை விடவில்லை என்று பிறகு சொன்னார்கள். பாதி வழியிலேயே மூச்சைக் கொட்டிவிட்டதால் இரண்டு பேர் அவரைத் தாண்டினார்கள். மூன்றாவதாக முடிவுக் கோட்டைத் தாண்டி, கொடியை உயர்த்திக் காட்டி, யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று சுற்றிலும் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவருக்குக் கொஞ்சம் பின்னால் நான்காவதாக வந்தவன், டயர்க்கடை வரை போய்த் திரும்பியவர்களில் ஒருவன். வடக்கே மலைநாட்டுக்காரன், ஒல்லியான பையன். அவன் அணி புகார் கொடுத்தது. கொடுக்க வேண்டிய புகார்தான்.

விசாரணை கேலரிக்குக் கீழே ஒரு சின்ன அறையில் நடந்தது. தலைமை நடுவர் ஒரு அம்மா. நீலக் கோட்டு, குட்டையாக வெட்டிய வெள்ளை முடி. பழைய ஓட்டக்காரி என்று உட்கார்ந்திருந்த விதத்திலேயே தெரிந்தது. செல்போனில் யாரோ எடுத்த படத்தை மறுபடி மறுபடி பார்த்தார். கொடியைப் பிடிக்கிற நேரத்தில் ஒரு வேன் குறுக்கே மறைத்திருந்தது. எப்படிப் பிடித்தார் என்பது அதில் இல்லை. அந்த அம்மா என்னைப் பார்த்து இந்தியில் கேட்டார்: அவர் தடுமாறினாரா? விழாமல் இருப்பதற்காகக் கையில் அகப்பட்டதைப் பிடித்தாரா? அப்படியென்றால் அது விபத்து, விபத்துக்குத் தகுதிநீக்கம் செய்ய வேண்டியதில்லை. கேட்டுவிட்டு, அவசரமில்லை என்பது போலப் பேனாவைக் கீழே வைத்தார். எங்களுக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருந்தார் என்றுதான் எனக்குப் பட்டது.

நான் தமிழில் சொன்னதும் மேலாளர் மச்சானின் காதருகே குனிந்தார். "தடுமாறி விழப் போனேன், கைக்கு அகப்பட்டதப் புடிச்சேன். அவ்வளவுதாம்ப்பா, ஒரே வார்த்தை. பதக்கம் உன்னுது, வேலையும் உன்னுது."

"விழப் போகலயே சார்."

"போகலதான். சொல்லேன்."

மச்சான் குனிந்து பார்த்தார். கொடி அவர் மடியில் இருந்தது. "நான் வாங்கலன்னு சொன்னா, வாங்காம திரும்புனேன்னுதான சார் ஆகும்?"

"ஆகாதுய்யா. சாலையில ஒரு பட்டை போட்டுருந்தாங்கள்ல, உன் நெஞ்சு நம்பர்ல ஒரு சில்லு இருக்கு, நீ அதத் தாண்டுனது கம்ப்யூட்டர்ல இருக்கு. இங்க கொடிக்கு ஒரு மதிப்பும் கிடையாது."

"மதிப்பில்லாததயா சார் அந்த ஐயா ரெண்டு கையாலயும் புடிச்சாரு?"

மேலாளர் அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். என் தொடையைக் கிள்ளினார். மச்சான் என்ன சொன்னாலும் இந்தியில் விழப்போனதாக மாற்றிச் சொல் என்பது அந்தக் கிள்ளலின் அர்த்தம். அந்த அறையில் இரண்டு பக்கத்துப் பேச்சும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அக்கா வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நிற்பது எனக்கு நினைவுக்கு வந்தது. நான் மாற்றிச் சொல்லியிருப்பேன். வாயைத் திறக்கவும் செய்தேன். ஆனால் மச்சான் அதற்குள் எழுந்து நின்றுவிட்டார். "அம்மாகிட்டச் சொல்லு மாப்ளே. கைதவறுனதெல்லாம் இல்ல. தூரத்துலயே பாத்தேன், ஒண்ணுதான் இருந்துச்சு, மத்தவன் எடுத்துருவான்னு வெரசா ஓடி இப்படிப் புடிச்சு இப்படிப் பறிச்சேன்" என்று, நாற்காலிக் கம்பியை மீசைக்காரராக வைத்து, பிடித்ததையும் சுற்றியதையும் பறித்ததையும் அப்படியே செய்து காட்டினார். அதைப் பார்த்த பிறகு விழப்போனார் என்று எந்த மொழியில் சொல்ல? சொன்னதைச் சொன்னேன்.

அந்த அம்மா, ஏன் என்று மட்டும் கேட்டார். எங்கள் ஊர்ப் பந்தயத்தை எனக்குத் தெரிந்த லாரி இந்தியில் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். பேனாவை எடுத்து எழுதினார். எழுதி முடித்ததும், போன தூரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை என்று அவரிடம் சொல், ஆனால் மூன்று பேருடைய ஓட்டம் கெட்டுப்போயிருக்கிறது என்றார். மச்சான் அதைக் கேட்டுத் தலையசைத்தார். கொடியைச் சுருட்டி மேசைமேல் வைத்தார். வெளியே அந்த மலைநாட்டுப் பையன் நின்றிருந்தான். "உன் ஓட்டத்தக் கெடுத்துட்டேன்யா, மனசுல வச்சுக்காத" என்று மச்சான் சொல்ல, நான் இந்தியில் சொன்னேன். அவன் சிரித்துவிட்டான். இவர் பாதி தூரத்துக்கே முழுத் தூரத்தையும் ஓடிவிட்டார், அடுத்த தடவை மிச்சம் வைக்கச் சொல் என்றான். அடுத்த தடவை கிடையாது என்பதை நான் அவனிடம் சொல்லவில்லை.

அதற்குப் பிறகுதான் நாங்கள் பேருந்தில் ஏறாமல் நடந்தது. ஒரு பாலத்தின் மேல் போகும்போது அக்கா போன் செய்தாள். மச்சான் ஒலியைக் கூட்டி வைத்துக்கொண்டுதான் பேசுவார், அதனால் எல்லாம் எனக்கும் கேட்டது.

"என்னாச்சுங்க?"

"மூணாவதாத்தான் வந்தேன். இல்லேன்னுட்டாக. கொடிய வாங்கிட்டேன்னு."

அக்காவின் பின்னால் ஒரு கோழி கத்தியது.

"இங்க கொடிய வாங்கக்கூடாதாம்" என்றார் மச்சான்.

"வாங்கக்கூடாதுன்னா அப்பறம் எதுக்குக் கொடியோட ஆள நிப்பாட்டுறாக?"

"அதத்தான் நானும் கேட்டேன்."

"அப்ப வேல?"

"இல்ல."

மறுபடியும் கோழி. அப்புறம் அக்கா கேட்டாள்: "மொத வாங்குனது நீங்கதான?"

"நான்தான்."

"சரி. நேரத்துக்குச் சாப்புடுங்க. அவனையும் சாப்புடச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டாள். மச்சான் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தண்ணீரைப் பார்த்தார். அவர் அழுதாரா என்று என்னைக் கேட்டால், நான் மறுபக்கம் திரும்பி லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இது நடந்து வருடங்கள் ஆகிவிட்டன. மச்சான் இப்போது அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில்லில் ஷிப்டு வேலை பார்க்கிறார். மில் வண்டி வந்து ஏற்றிப் போகும், கொண்டுவந்து விடும். குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா வரப்போகிறது, வந்தால் மகளுக்காவது அங்கே நல்ல வேலை கிடைக்கும் என்று அக்கா பேசிக்கொண்டிருக்கிறாள். பந்தய மாடுகளை முதலாளி விற்றுவிட்டார். நான் இன்னும் எங்கும் நிலைக்கவில்லை. போன வருடம் ஒரு பந்தல்காரரோடு வேலை செய்தபோது, அதே தேசியப் போட்டி இன்னொரு நகரத்தில் நடந்தது. ஆண்டுவாரியாக, ஓட்டம்வாரியாக வென்றவர்களின் பெயர்களை அச்சடித்த பெரிய பலகைகளைச் சுவரில் ஏற்றி ஆணி அடிப்பது எங்கள் வேலை. நூறு மீட்டருக்கு ஒரு முழுப் பலகை. அரை மாரத்தானுக்கு ஒரே ஒரு வரி. அந்த ஒரு வருடத்தோடு அந்தப் போட்டியிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். மூன்றாவது பெயர் அந்த மலைநாட்டுப் பையனுடையது.

ஏணியில் நின்றபடியே மச்சானுக்குப் போன் செய்து சொன்னேன். மில் சத்தத்தில் முதலில் அவருக்குக் கேட்கவில்லை. கேட்டதும், "அவன் பேரு இருக்கா? சரியா எழுதியிருக்காகளா?" என்றார். சரியாகத்தான் இருக்கிறது என்றேன். "நல்லதாப் போச்சு" என்று வைத்துவிட்டார். ஆணியை அடித்துவிட்டு இறங்கினேன். அந்தப் பலகையில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த ஓட்டத்தில் மூன்றாவது இடம் அவனுக்குத்தான் சேர வேண்டும். நான்காயிரம் பேர் கூடி யோசித்தாலும் அப்படித்தான் முடிவு செய்வார்கள். ஆனாலும் அந்த வரியைப் படிக்கிறவனுக்கு, அந்தச் சாலையின் மறுகோடியில் அன்று என்ன நடந்தது என்று தெரிய வழியே இல்லை. வரலாறு எழுதுகிறவர்கள் பொய் எழுதுகிறார்கள் என்று நான் சொல்லமாட்டேன். முடிவுக் கோட்டின் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தவர்கள் அவர்கள். அங்கிருந்து தெரிந்ததை எழுதுகிறார்கள்.

அன்றைக்கு அந்தப் பாலத்திலிருந்து தங்கும் இடம் வந்து சேர்ந்தோம். ரயில் மறுநாள் சாயங்காலம்தான். காலையில் மச்சான் எனக்கு முன்பே எழுந்து குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அறையில் மற்றவர்கள் பதக்கங்களை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாப்ளே, சும்மா உக்காந்துருந்தா பித்துப் புடிச்சுரும். உனக்குத்தான் போற எடத்துலெல்லாம் வேல கெடைக்குமே, ஒண்ணப் பாரு" என்றார்.

தேடவே வேண்டியிருக்கவில்லை. தெருமுனையில் ஒரு மினிலாரி நின்றிருந்தது. ஓட்டம் நடந்த சாலையில் கட்டியிருந்த தடுப்புக் கம்பிகளையும் கூம்புகளையும் தட்டிகளையும் எடுத்து ஏற்ற ஆள் குறைகிறது என்று டிரைவர் போனில் கத்திக்கொண்டிருந்தான். நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம் என்றேன். அவன் மச்சானின் காலைப் பார்த்தான், தோளைப் பார்த்தான், ஏறச் சொன்னான். அரங்கத்து வாசலில் இருந்து ஆரம்பித்து வரிசையாக ஏற்றிக்கொண்டே போகலாம் என்பது அவன் கணக்கு. கிட்டத்தில் கிடப்பதை விட்டுவிட்டு யாராவது முதலில் தூரத்துக்குப் போவார்களா என்றான். மச்சான் என்னிடம், "போற வழியெல்லாம் லோடச் சொமந்துக்கிட்டுப் போயி, திரும்பவும் சொமந்துக்கிட்டு வரணுமா? கடேசிக்குப் போவச் சொல்லு. அங்கருந்து ஏத்திக்கிட்டே வருவோம்" என்றார். நான் சொன்னேன். டிரைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இது சரிதான் என்று கியரைப் போட்டான்.

காலியான வண்டி அந்த நேர்ச்சாலையில் வேகமாகப் போனது. பின்னால் சரக்குத் தட்டில் நின்றபடி நாங்கள் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டோம். டயர்க்கடைக்குச் சற்று முன்னால், கொடிக்காரர் நின்ற இடம் வந்ததும் மச்சான் கூரையைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி, முதல் தடுப்புக் கம்பியின் ஒரு முனையை அவர் பிடித்தார், மறுமுனையை நான் பிடித்தேன்.